மினிம் கடற்கரையில் குளிக்கிற மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தம்பிக்குச் சோதனை தொடங்கிவிட்டது. போனில் கதைத்தால் நீ "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதுதான் கடிதம்.

மச்சாள் நீ போட்ட படத்தைக் காட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாய். பின்னால் கடலுக்குள் நிற்கிற அந்த மர வெளிச்சவீடு தெரிகிறது. பொழுது பட்டுவிட்டது, கரையில் ஒரு சனம் இல்லை. படம் வடிவு. நீ மெலிந்துபோனாய். யார் எடுத்த படம் என்று நான் கேட்கவில்லை. கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீ நடை பழகினது அந்த மணலில்தான். அதற்காக அது தெரிந்த கடல் ஆகிவிடாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கசூரினாக் கடற்கரையில் நீர் ஏறி இறங்குவது ஒன்றிரண்டு முழத்துக்குள். உன் மினிம் கரை இருக்கிற லா றோஷெலில், அந்தப் பிரான்ஸ் அத்திலாந்திக் கரையில், பெரிய வத்துப் பெருக்கு நாளில் 6 மீற்றர் இறங்கும், இரண்டு மாடி உயரம். போகமுதல் அன்றைய அட்டவணையில் இரண்டு விஷயம் பார்: பெருக்கு நேரம், குணகம், அதாவது அன்று நீர் எவ்வளவு ஏறி இறங்கும் என்று காட்டுகிற இலக்கம். குணகம் 20இலிருந்து 120 வரை போகும். 45 என்றால் கடல் இரண்டரை மீற்றர் அளவில் அசையும், பயமில்லை. 95க்கு மேல் என்றால் கவனம். இந்தப் புரட்டாதி மாதத்தில், இரவும் பகலும் சமமாகிற நாட்களை ஒட்டித்தான் 100ஐத் தாண்டுகிற நாட்கள் வரும். அச்சடித்த சில அட்டவணைகளில் கோடை நேரம் சேர்த்திருக்காது, அப்படியானால் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்.

அட்டவணை கையில் இல்லையா, அம்மம்மாவிடம் திதி கேள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் பெரிய நீர். அந்த நாட்களில் அங்கே பெருக்கு காலையிலும் பின்னேரமும், வத்து மத்தியானத்தை ஒட்டி. வெயில் நன்றாய் இருக்கிறதே என்று மத்தியானம் போனால் மணல் முடிந்து சேறுதான் காண்பாய். அட்டமி, நவமி கழிந்த நாட்களில் மத்தியானத்தை ஒட்டிப் பெருக்கு, நீரும் அடக்கமாய் ஏறும். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று தள்ளிவைக்கிற நாட்கள், மினிமில் குளிக்க அவைதான் தோது. பெருக்குக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னும் பின்னும், அதற்குள் குளித்து முடி.

நீர் ஒரே வேகத்தில் வற்றாது. 6 மீற்றர் இறங்கும் நாளில் முதல் மணித்தியாலத்தில் அரை மீற்றர், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒன்றரை ஒன்றரை, பிறகு ஒன்று, கடைசியில் அரை. ஏறுவதும் இப்படியே. முதல் மணித்தியாலம் அமைதியாய் இருந்ததென்று வெளியே நடந்து போனவர்களைத்தான் மூன்றாவது மணித்தியாலம் பிடிக்கும். வற்றினபிறகு சேற்றில் நடக்காதே. கால் புதைந்தால் ஒரு காலை மட்டும் ஊன்றி மற்றதை இழுக்காதே, இன்னும் கீழே போகும். பின்பக்கம் சாய்ந்து இருந்து, பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடு. கல்லில் சிப்பி கத்தி மாதிரி வெட்டும், ரப்பர்ச் சப்பாத்து போடு. மணலுக்குள் புதைந்து கிடக்கிற முள்மீன் குத்தினாலும் சப்பாத்து காப்பாற்றும். குத்திவிட்டால் காலைப் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் வை. அந்த நஞ்சு சூட்டில் முறியும்.

படகுத்துறைப் பக்கம் நீந்தாதே. சுமார் 5,000 படகு கட்டுகிற துறை அது. 1972இல் திறந்த நாளிலிருந்து பெருத்துக்கொண்டே வருகிறது. வாய்க்கால் ஒடுக்கம், ஆழப்படுத்தின பாதையை விட்டுப் படகு விலகினால் தரை தட்டும், அதனால் உன்னைக் கண்டாலும் அவர்களால் திரும்ப ஏலாது. பொழுதுபட்டபின் உன் கறுத்தத் தலை தெரியவும் மாட்டாது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் படகுகள் 5 நொட் வேகத்தில்தான் வரவேண்டும், ஆனால் எல்லாரும் வருவார்கள் என்று நம்பாதே. இடுப்பில் கட்டி இழுக்கிற செம்மஞ்சள் மிதவை ஒன்று வாங்கு. காசு அப்பா போடுவார். துறைப்பக்கக் கல்லில் ஒட்டின மட்டியைப் பிடுங்கித் தின்னாதே, படகின் அடியில் பூசுகிற செப்பு மையும் எண்ணெயும் அதற்குள் சேர்ந்திருக்கும். பெருமழை பெய்தால் அடுத்த நாளும் இறங்காதே, ஊர்த் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

கோடை முடிந்ததும் காவலுக்கு ஆள் இல்லை, கொடியும் இல்லை. பச்சையா சிவப்பா என்று உனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். நீச்சல் குளத்தில் நீ வாங்கின சான்றிதழை அப்பா இன்னும் சாமியறையில்தான் வைத்திருக்கிறார், வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் ஒரு பொம்பிளைப்பிள்ளை அப்படி நீந்தினது நீதான் முதல். ஆனால் குளத்துக்கு விளிம்பு இருக்கிறது, பிள்ளை. கார்த்திகையில் அந்தத் தண்ணீர் 14 பாகைக்கு வந்துவிடும். குளிரில் குதித்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உன் சொல்லுக் கேட்காது. அந்த நேரம்தான் தண்ணீர் வாய்க்குள் போகும். கழுத்தை நனைத்து, மெல்ல இறங்கு. வெளியே வந்தபின்னும் உடம்பு கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டே போகும். ஈர உடுப்பைக் கழற்று, மேலுடுப்பை முதலில் போடு, குடுவையில் தேத்தண்ணி கொண்டுபோ. உடனே சுடுதண்ணீரில் நிற்காதே, தலை சுற்றும்.

தனியே இறங்காதே. இதைத்தான் எழுத வந்தேன், மற்றதெல்லாம் பிறகு. கரையில் ஒரு ஆள் நிற்கவேண்டும், உன்னைப் பார்த்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. கடல் மீட்புக்கு 196. கரையிலிருந்தும் அடிக்கலாம், காசில்லை. 112உம் எடுக்கும். அந்தப் படம் எடுத்த பிள்ளைக்கும் இந்த இலக்கம் தெரியவேண்டும். ஆணோ பெண்ணோ, யாராயினும், நீ அவதிப்பட்டால் பின்னாலே குதிக்கவேண்டாம் என்று சொல்லிவை. முதல் போன் அடிக்கவேண்டும், பிறகு மிதக்கிற ஏதாவது எறியவேண்டும். குதித்தால் இரண்டு பேர்.

ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை என்கிறாய், கடலுக்கு நேரமிருக்கிறது. கோபமில்லை. அப்பா ஞாயிறு வேலைக்குப் போகமுதல் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். படிப்புப் பாரமாய் இருந்தால் சொல்லு, ஒரு வருடம் பிந்தினால் ஒன்றுமில்லை. இரவு பிந்தி அந்தக் கரையில் நடக்கிற அளவுக்கு மனதில் என்ன இருந்தாலும் சொல்லு. நான் கத்தமாட்டேன்.

செப்ரெம்பர் கடைசியில் அங்கே படகுக் கண்காட்சி, பஸ் நெரியும், கடல் பஸ் என்கிற படகில் பழைய துறைமுகத்துக்குப் போ. தீபாவளிக்கு வருவதென்றால் ரிக்கற்றை இப்போதே போடு, கடைசி நேரம் விலை ஏறும். பாரிஸில் மொம்பர்னாஸ் ஸ்ரேசனுக்கு அப்பா வருவார். லாச்சப்பல் தமிழ்க் கடையில் இறால் வாங்கவேண்டும், இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சமைக்கிறதா இல்லையா என்று மட்டும் முன்னமே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா