புது ரேம் போட்டதிலிருந்து

அன்பு மாப்ளே,

உன் மெயிலும் ப்ளூ ஸ்கிரீன் போட்டோக்களும் வந்தன. கல்யாண சீசன் நடுவில் எடிட்டிங் சிஸ்டம் படுத்தால் என்ன பாடு என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், பழைய இரண்டு ரேமோடு இன்னும் இரண்டு ரேமையும், புது கிராபிக்ஸ் கார்டையும் ஒரே நாளில் போடச் சொன்னது யார்? ஒரு வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போட்டிருந்தால் எது காரணம் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். இப்போது இரண்டின் மேலும் சந்தேகம்.

போட்டோக்களைப் பார்த்தால் எனக்கு ரேம் மேல்தான் கண். ஒவ்வொரு தடவையும் பிழைக்கு ஒவ்வொரு பெயர் வருகிறது பார். ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்றில் பேஜ் ஃபால்ட், மூன்றாவதில் ஐஆர்க்யூஎல் என்று தொடங்கும் அந்த நீளப் பெயர். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். இப்படி மாறி மாறி வந்தால் முதலில் நினைவகத்தை, அதாவது ரேமைத்தான் பார்க்க வேண்டும். கரன்ட் பற்றாமல் விழும் சிஸ்டம் இவ்வளவு பேசாது. சட்டென்று இருட்டி, தானே ரீஸ்டார்ட் ஆகும்.

விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று வருகிறதே, கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போச்சா என்று கேட்டிருந்தாய். பவர் என்ற சொல்லைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். போன தடவை விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. ஓடும்போதே நீ ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் பதிவாகும்.

ரேம் மேல் கண் என்றேனே தவிர, ரேம் கெட்டது என்று சொல்லவில்லை. பழைய ஜோடியும் நல்லதாக இருக்கலாம், புது ஜோடியும் நல்லதாக இருக்கலாம். நான்கும் சேர்ந்து ஓடுவதுதான் சிக்கல். ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கிறதே, அது இரண்டு ரேமை ஒரு ஜோடியாகச் சோதித்துப் போட்ட எண். உன் பிராசசர் ரைசன் 7000 வரிசை. அதற்கு, தயாரித்த ஏஎம்டி கொடுக்கும் உறுதி, இரண்டு ரேம் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. அவ்வளவுதான். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ என்று ஒன்றை ஆன் செய்து 6000-க்கு ஓட்டுகிறாயே, கணக்குப்படி அது ஓவர்க்ளாக்கிங், அதாவது உறுதி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. இரண்டு ரேமோடு அது இத்தனை நாள் ஓடிவிட்டது. நான்கோடும் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "சேம் மாடல் சார், கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னாராம். மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒரு தடவை ஹைனிக்ஸ், இன்னொரு தடவை சாம்சங் என்று மாறி வரும். அது அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ரேம் போட்டதும் முதல் தடவை சில நிமிடம் திரையே வரவில்லை என்று பயந்திருந்தாய். அது பழுதில்லை. உன்னுடைய டிடிஆர்5 வகை ரேமில், போர்டு ஒவ்வொரு ரேமையும் சோதித்துத் தனக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளும், நான்கு இருந்தால் நேரம் கூடும். பொறுமையில்லாமல் நடுவில் ஆஃப் செய்யாதே.

சரி, என்ன செய்வது? முதலில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வை. உன் பிராசசரிலேயே டிஸ்ப்ளே இருக்கிறது, மானிட்டர் கேபிளை போர்டிலேயே செருகலாம். கார்டு இல்லாமலும் விழுந்தால் கார்டு தப்பித்தது. அப்புறம் பயாஸில் எக்ஸ்போவை ஆஃப் செய்துவிட்டு நான்கு ரேமோடு ஓட்டிப் பார். ப்ளூ ஸ்கிரீன் வருவது நின்றுவிட்டால் நான் சொன்னதுதான் காரணம். அப்போதும் விழுந்தால் பழைய ஜோடி மட்டும், பிறகு புது ஜோடி மட்டும். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு, பெரும்பாலான போர்டுகளில் ஜோடிக்கு உரிய இடம் அதுதான். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடு. இலவசம்தான். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் அது தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடாதே.

சர்வீஸ் பையன் ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம் என்கிறானாம். வேண்டவே வேண்டாம். விண்டோஸை மறுபடி போடும்போது அத்தனை ஃபைலும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு போட்டால் புது விண்டோஸும் கெட்டுத்தான் பிறக்கும்.

இதைவிட எனக்குக் கவலை வேறு. சிஸ்டம் விழுந்தால் உனக்குத் தெரிகிறது. விழாமலே ஒரு பிட் மாறி, ஒரு போட்டோவின் பாதியில் பச்சைப் பட்டை விழுந்து டிஸ்க்கில் பதிந்தால்? ஆல்பம் பிரின்ட்டுக்குப் போகும்வரை தெரியாது. சர்வர்களில் இதைப் பிடிக்கவே, பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி ரேம் போடுகிறார்கள். கூகுளும் டொரண்டோ பல்கலைக்கழகமும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட சர்வர் ரேம்கள் ஒரு பிழையாவது காட்டியிருந்தன. அவர்களுக்காவது பிழை பிழையென்று தெரிந்தது. டிடிஆர்5-இல் ஈசிசி உண்டே என்பார்கள், அது சிப்புக்குள் மட்டும்தான். பிராசசருக்குப் போகும் வழியில் கெட்டால் அது காப்பாற்றாது. அதனால் இது சரியாகும்வரை கேமரா கார்டுகளை அந்த சிஸ்டத்தில் காப்பி செய்து அழிக்காதே. லேப்டாப்பில் காப்பி எடு, ஒரிஜினல் கார்டுகளை அப்படியே வை. ஏற்கெனவே காப்பி செய்தவற்றை ஒருமுறை திறந்து பார்த்துவிடு.

எக்ஸ்போவை அணைத்ததும் ப்ளூ ஸ்கிரீன் நின்றுவிட்டால் அப்படியே 3600-இல் ஓட்டு. உன் வேலைக்கு ரேம் போதாமல் திணறுவதைவிட அது எவ்வளவோ மேல். வேகமும் வேண்டுமென்றால் நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி இரண்டாக ஒரே ஜோடி வாங்கு. ஆரம்பத்திலேயே அப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும், சரி விடு. பயாஸ் அப்டேட்டும் உதவலாம். ஆனால் எக்ஸ்போவை ஆஃப் செய்த பிறகு, யூபிஎஸ் சார்ஜ் இருக்கும்போது செய்.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டைத் திரும்பச் செருகும்போது, அதற்கு இரண்டு 8 பின் கனெக்டர் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி கேபிள் இழு. ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு முனையை மாட்டாதே.

இங்கே பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அக்ரிதான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் அதிர்ச்சி, எனக்கு மட்டும் உள்ளூர சந்தோஷம். கோயம்புத்தூர் அக்ரி யுனிவர்சிட்டியைப் பார்க்க அழைத்து வருகிறேன். உன் வீட்டில்தான் தங்கல், தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை. மெம்டெஸ்ட் என்ன சொன்னது என்று அதற்குள் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்