ஊருணிக்கு மேற்கே உள்ள கடலைக்காட்டை ஐப்பசி மழைக்கு முன் அளந்து தரக் கோரி மனு

பெறுநர்: மண்வளப் பாதுகாப்புப் பணிகளைக் கவனிக்கும் உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்

ஐயா, வணக்கம். முன்னே கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். எங்கள் செட்டிநாட்டுச் செம்மண்ணும் ஊருணிக்கு மேற்கே உள்ள சரளை மேடும் தாங்கள் அறிந்ததே. அந்த மேட்டில் உள்ள கடலைக்காட்டிலிருந்து மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடி வருகிறது, எவ்வளவு மண் போகிறது என்று கணக்கெடுத்து, அதற்கேற்ற வரப்பு போட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. ஒரே ராத்திரியில் 5 செ.மீ. மழை கொட்டினால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பாதி ஓடி வந்தால் என்னவாகும் என்று தங்களுக்கே தெரியும்.

2. மேல்மண் 1 மி.மீ. கரைந்தாலே ஏக்கருக்கு 4 கன மீட்டர், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் மண். அத்தனையும் வரத்துக்கால் வழியே ஊருணிக்குத்தான் வருகிறது. படித்துறையின் கீழ்ப்படிகள் சேற்றுக்குள் போய்விட்டன. பெண்கள் குடத்தில் தேத்தாங்கொட்டை உரைத்து ராத்திரி முழுக்க வைத்தும் காலையில் அடியில் விரற்கடை வண்டல், மேலே இன்னும் கலங்கல்தான், அதைத்தான் துணியில் வடிகட்டி உலை வைக்கிறோம். பாட்டன் பூட்டன் குடித்த தண்ணீர் ஐயா இது. குழாயில் வராத நாளில் பிள்ளைகளுக்கு வேறு எதைக் கொடுப்பது?

3. வரப்பு போடாமல் இல்லை, போட்டார்கள். மட்டம் பார்க்காமல், கண்மதிப்பில், உபரித் தண்ணீர் வழியக் கல்கட்டு எதுவும் விடாமல் போட்ட வரப்பு முதல் பெருமழையிலேயே உடைந்து, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே இடத்தில் பாய்ந்து காட்டுக்குள் இடுப்பளவு ஓடையை அறுத்துவிட்டது. வரப்பே இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு மண் வந்திருக்காது.

4. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், பயிர் மண்ணை மூடியிருக்கும் அளவு, வரப்பு முறை எல்லாவற்றையும் பெருக்கி ஆண்டுக்கு இத்தனை டன் மண் போகும் என்று சொல்லும் சூத்திரத்தை அமெரிக்க வேளாண் துறை 1978-லேயே கையேடாகப் போட்டுவிட்டது. ஓடும் தண்ணீருக்குத் தனிக் கணக்கு, அதை வைத்துத்தான் கல்கட்டின் அகலம். படித்த தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் போடுவதற்கு எங்கள் காட்டின் சாய்வை யார் வந்து அளந்தார்கள்? எஸ்டிமேட் இல்லாமல் வேலை எடுக்க முடியாது என்கிறீர்கள், எஸ்டிமேட் போடவோ ஆள் வருவதில்லை! நாங்கள் என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

5. வாருங்கள் ஐயா. மட்டக்கருவியோடு ஒரு தடவை வாருங்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அப்புறம் அளந்து பயனில்லை, இந்த வருஷத்து மண்ணும் ஊருணிக்குள் போய்விடும். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், காட்டுக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மேட்டில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஊருணித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்மக்கள்