மாகாண சபைத் தேர்தலுக்கு நோட்டீஸ் அடிக்க வருபவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எங்கள் கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு வருகிறவர்கள் இந்த மடலை வாசிக்காமல் விட்டாலும் குறையில்லை. மாகாண சபைத் தேர்தல் வருகிறதாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் "ஒரு நோட்டீஸைத் தயார் பண்ணி வைப்போம்" என்று வருகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறோம். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. மேல் மாகாணத்தில் இந்தச் சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. சிக்கல் அங்கே தொடங்கியது.

எந்தக் கட்சி என்றாலும் அடித்துத் தருவோம். ஆனால் புரூப் காட்டும்போது "இது மாகாண சபையின் வேலையா?" என்று ஒரு கேள்வி கேட்போம். கோபிக்க வேண்டாம். தேர்தல் நோட்டீஸில் வெளியிட்டவரோடு அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேர்தல் முடிந்த பிறகு வேட்பாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், எங்கள் கடை அதே வீதியில்தான் இருக்கும்.

வருகிற வரைவுகள் அநேகமாக ஒரே அமைப்பு: பாடசாலை, வரி, வைத்தியம் என்று மூன்று பெட்டி. அதிகம் இடறுவது வரிப் பெட்டியில். "வற் வரியைக் குறைப்பேன்" என்று எழுதுகிறார்கள். 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் வற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் பாராளுமன்றம். வருமான வரியும் அப்படியே. மாகாணத்திடம் ஒரு காலம் வியாபாரத்தின் மொத்த விற்பனைத் தொகை மீதான புரள்வு வரி இருந்தது, புறக்கோட்டை முதலாளிமாருக்கு அது மறந்திருக்காது. 2011 தொடக்கத்தில் அதை நீக்கி, பதிலுக்கு மத்திய அரசு வசூலித்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் ஒரு பங்கு கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியும் போய்விட்டது. இன்று மாகாணத்தின் கைக்கு எட்டுவது வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம், காணி உறுதி முடிக்கும்போது கட்டும் முத்திரை வரி போன்றவை. முச்சக்கர வண்டி ஓடுகிறவரிடம் அனுமதிப்பத்திரக் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள், நின்று கேட்பார். வீடு, கட்டிடங்களுக்குக் கட்டும் சோலைவரியைக் குறைப்பேன் என்பதையும் எடுத்துவிடலாம், அது மாநகர சபையின் பணம்.

பாடசாலைப் பெட்டிதான் உங்களுக்கு உண்மையான பலம். நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள். ரோயல் கல்லூரி போல நேரே கல்வி அமைச்சின் கீழ் வரும் தேசிய பாடசாலைகள் 400க்கும் குறைவு, மற்றவை மாகாணங்களின் நிர்வாகத்தில். ஆனாலும் வரைவில் வருவது "ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நிறுத்துவேன்"! பரீட்சைத் திணைக்களம் மத்திய அரசினுடையது, பாடத்திட்டமும் தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருவது. தமிழ்மொழிமூலப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை, இடமாற்றம் வாங்கிப் போனவருக்குப் பதில் ஆள் வரவில்லை, மலசலகூடம் பழுது என்று பெற்றோர் சொல்வதை எழுதுங்கள். அது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் மேசைக்கு வருகிற விஷயம்.

வைத்தியத்தில் கொழும்பு வேட்பாளருக்குச் சங்கடம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வைத்தியசாலைகளை மாகாணத்துக்குக் கொடுத்தபோது போதனா வைத்தியசாலைகளையும் விசேட வைத்தியசாலைகளையும் விலக்கியே கொடுத்தது. ஆகவே பெரியாஸ்பத்திரி என்கிற தேசிய வைத்தியசாலை, களுபோவில, சிறுவர்களுக்கான சீமாட்டி ரிட்ஜ்வே எல்லாம் சுகாதார அமைச்சிடம். நகருக்குள் இருக்கும் டிஸ்பென்சரிகளையும் தாய் சேய் கிளினிக்குகளையும் மாநகர சபை நடத்துகிறது. நகர எல்லையைத் தாண்டிப் பிரதேச வைத்தியசாலைகள் உள்ள பக்கம் போனால்தான் இந்தப் பெட்டிக்கு விஷயம் கிடைக்கும்.

முடியாததை எழுதவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. "செய்வேன்" என்ற இடத்தில் "வலியுறுத்துவேன்" என்று போட்டால் பல வரிகள் பிழைத்துக்கொள்ளும். 104 பேர் கொண்ட சபையில் ஒருவராகப் போகிறவருக்கு அதுவே பொருத்தம். இன்னொன்று, தமிழ்ப் பக்கத்தில் ஒரு வாக்குறுதியும் சிங்களப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தால் புரூப்பிலேயே நிறுத்துவோம். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

பில் வேட்பாளரின் பெயரில்தான் எழுதப்படும். தேர்தல் செலவு பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அவர் கணக்குக் காட்ட வேண்டும். அப்போது வந்து பழைய திகதியில் பில் கேட்க வேண்டாம்.

எழுத்தை யூனிகோடிலோ பாமினி எழுத்துருவிலோ தட்டச்சு செய்து அனுப்புங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவாக வேண்டாம். வேட்பாளரின் கையெழுத்துள்ள புரூப் வந்த பிறகே மெஷினில் தாள் ஏறும்.

இப்படிக்கு,
அச்சகத்தார்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13