பல் வலி என்றே சொல்லி வை

டொரண்டோ
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பதறாதே. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டுவிடுவாள்.

டிசம்பரில் பல் வலி என்றேனே, அது பல் இல்லை போலிருக்கிறது. காலையில் பஸ் ஸ்டாப்புக்கு ஏறும் மேட்டில் பாதி தூரம் போனதும் இடது கீழ்த்தாடை இறுகும். கடைவாய்ப் பல்லெல்லாம் சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கும். பனிக்காற்று அடித்தால் இன்னும் கூடும். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடும். நீ அனுப்பிய சீடையைக் கடித்தால் ஒன்றும் இல்லை!

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், தட்டிப் பார்த்தார். சொத்தை இல்லை. "சாப்பிடும்போது வலிக்கிறதா, நடக்கும்போதா?" என்றார். நடக்கும்போது என்றதும் கையுறையைக் கழற்றிவிட்டு, "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். ஊரில் என்றால் நானே கெஞ்சிப் பிடுங்கச் சொல்லியிருப்பேன். இங்கே ஒரு வேடிக்கை, பல்லுக்குக் கைக்காசு, இருதயத்துக்கு அரசாங்கக் காப்பீடு.

ஈசிஜிக் கோட்டில் டி அலை என்கிற வளைவு தலைகீழாக இருந்தது. சில மணி நேரம் விட்டு இரண்டு தடவை ரத்தம் எடுத்து, இருதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற டிரோபோனின் என்ற புரதத்தைப் பார்த்தார்கள், அட்டாக் இல்லை. அப்புறம் டிரெட்மில். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏறும், மேடும் ஏறும். ஏழாவது நிமிஷம் தாடை இறுகியது, ஈசிஜி கோடும் இறங்கியது. பெண்களுக்குக் காரணம் இல்லாமலும் அப்படி இறங்குமாம். கடைசியில், சாயம் ஏற்றி இருதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கிற சிடி ஆஞ்சியோ. சாயம் ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவி, படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று கையால் தடவிப் பார்த்தேன். எல்லோரும் இப்படித்தான் என்று நர்ஸ் சிரித்தாள்.

பெரிய ரத்தக்குழாய் எதிலும் அடைப்பு இல்லை. ஆனால் வலி இருக்கிறது. ஆஞ்சியோவில் தெரியாத பொடிக் குழாய்கள் சரியாக விரியாமல் இருக்கலாம் என்கிறார்கள், இருக்கலாம் என்பதோடு சரி. எம்ஆர்ஐக்கு முறை வரக் காத்திருக்கிறேன். அதுவரை நாக்குக்கு அடியில் அடிக்க ஒரு ஸ்பிரே.

இருதயத்துக்கு ஏன் பல் வலிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டின் நரம்புச் சேதியும் ஒரே வழியில் போய்ச் சேர்வதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறதாம். பெரியார் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் யார் எந்த ஊர் வண்டியில் வந்தார் என்று தெரியாதே, அந்த மாதிரி.

எழுதியதற்குக் காரணம் நான் இல்லை, அம்மா. போன வருஷம் மாசி வீதி சுற்றும்போது "பல்லு கூசுது" என்று இரண்டு இடத்தில் உட்கார்ந்தாளே? சர்க்கரை வேறு இருக்கிறது. பல் டாக்டரிடம் போகுமுன் இருதய டாக்டரிடம் காட்டு. உட்கார்ந்திருக்கையில் எடுத்த ஈசிஜி சரியாகவே வரலாம், அதை நம்பித் திரும்பிவிடாதே. நடந்தால்தான் வலிக்கிறது என்று நீயே வாய்விட்டுச் சொல். உட்கார்ந்த பிறகும் வலி விடவில்லை, வியர்க்கிறது என்றால் 108ஐக் கூப்பிடு, மாமா ஆட்டோ பிடிக்கப் போக வேண்டாம்.

என்னைப் பற்றி அவளிடம் பல் வலி என்றே சொல்லி வை. கிராம்புத் தைலம் கொடுத்தனுப்புவாள், வாங்கிப் பார்சலில் போட்டுவிடு.

உன் தங்கை