தேங்காய் வாங்கப் போன மாஸ்டர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அப்பா மறுபடியும் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்று படித்ததும் வருத்தமாக இருந்தது. பைக்காக அல்ல, அவர் வாங்கியிருக்கும் திட்டுக்காக.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அவரைத் தேடி வருகிறார்கள். எட்டு மாதமாகியும் என் பெயர் அவர் மனதில் தங்கவில்லை. "கும்பகோணத்துத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

சென்ற சனிக்கிழமை அன்ரி, அதாவது அவர் மனைவி, சொதிக்கு (தேங்காய்ப்பால் குழம்பு) மாஸ்டரைத் தேங்காய் வாங்கி வர அனுப்பினார். கடை பக்கத்திலேயே, காலி வீதியில். ஒன்றரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். தேடிப் போனேன். கடலோரத்து ரயில் நிலையத்தில், ஒரு மாணவனோடு பெஞ்சில் உட்கார்ந்து, பாண் சுற்றிய தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். (ரொட்டியைத்தான் இங்கே பாண் என்கிறார்கள். தேங்காய்க்குப் பதில் அதை வாங்கியிருக்கிறார்.) பையன் ஏறவேண்டிய ரயில் இரண்டு போய்விட்டது. அலை கல்லில் மோதிச் சாரல் தெறிக்கிறது, இருவரும் அசையவில்லை. என்னைக் கண்டதும், "தம்பி, குறியை மாற்ற மறந்துவிட்டான், மற்றதெல்லாம் சரி!" என்றார். இதே பிழையை அவன் பங்குனியிலும் செய்தானாம். அது நினைவிருக்கிறது அம்மா, தேங்காய்தான் இல்லை.

அன்ரி கோபிக்கவில்லை. பாணைக் கறியோடு சாப்பிட்டோம்.

நம்மூர் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பற்றி மாஸ்டர் கேட்காத வாரமில்லை. ராமானுஜன் 1904இல் நம்மூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறி அதை இழந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டருக்குக் குரல் தழுதழுக்கிறது. 1913இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதும்வரை எத்தனை பேர் அவரைப் பொறுப்பற்றவன் என்று நினைத்திருப்பார்கள்!

அப்பாவும் பொறுப்பற்றவர் அல்ல. பஸ்ஸில் எந்த மாயச் சதுரத்தை, எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் அந்த எண் கட்டத்தை, மனதுக்குள் நிரப்பிக்கொண்டிருந்தார் என்று கேட்டாயா? ராமானுஜனின் நோட்டும் மாயச் சதுரத்தில்தான் தொடங்குகிறதாம். அப்பாவின் நோட்டு பையோடு போயிருந்தால், நினைவிலிருப்பதை எழுதி அனுப்பச் சொல். மாஸ்டர் தினமும் கேட்கிறார். அதை மட்டும் அவர் மறக்கவேயில்லை.

உன் அன்பு மகன்