உன் கடிகாரம் இன்னும் நியூஜெர்சியில்தான்

கோத்தகிரி
ஜூலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. நியூஜெர்சியில் மகள் வீட்டிலிருந்து மதுரைக்குத் திரும்பி ஒரு வாரமாகியும் நடுராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாய், மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுகிறாய். வயசாகிவிட்டது என்கிறார்களாம் வீட்டில். வயசுக்கும் பங்கு உண்டுதான், ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் கட்டாதே.

இங்கே மழையும் மூடுபனியும். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போலத்தான், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காட்டெருமை ஒன்று தினமும் வந்து பீன்ஸ் பாத்தியை மேய்கிறது. விரட்டப் போனால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறது! சரி, உன் தூக்கத்துக்கு வருகிறேன்.

இரண்டு கண் நரம்புகளும் மூளைக்கடியில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த சிறு முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். தானாகவே ஓடும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். கண்ணிலிருந்து செய்தி வந்ததும் கைனேஸ் எனப்படும் நொதிகள் கிளம்புகின்றன. புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவதே அவற்றின் தொழில். கிரெப் என்ற புரதத்தில் அப்படி ஒட்டியதும் கடிகாரத்தை ஓட்டும் 'பீரியட்' மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், கடிகாரம் நகரும்.

அப்படியானால் ஒரே நாளில் சரியாகிவிட வேண்டாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதே வெளிச்சம் சிக்1 என்ற இன்னொரு கைனேஸையும் உண்டாக்குகிறது. அது கிரெப்புக்குத் துணை நிற்கும் புரதத்தை விலக்கிவிட, மரபணு மறுபடி அடங்கிவிடுகிறது. (உப்பு அதிகம் தின்ற எலிகளின் அட்ரீனல் சுரப்பியில் முதலில் அகப்பட்டதால் அதன் முழுப்பெயரில் உப்பு வரும். நீ ஊறுகாயை நிறுத்த வேண்டியதில்லை.) நம் தேயிலை ஃபேக்டரியில், வெட்டிய இலையில் நொதி நிறமேற்றிக்கொண்டே போகும், டிரையரில் போட்டு நாம்தான் நிறுத்துவோம். இங்கே வேலையைத் தொடங்கி வைக்கிற வெளிச்சமே டிரையரையும் கையோடு கொண்டுவருகிறது. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் இந்த சிக்1-ஐக் குறைத்துப் பார்த்தார்கள். மாற்றிவைத்த பகல் இரவுக்கு அவை வெகு சீக்கிரம் பழகிவிட்டன.

உடனே அதற்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா! எனக்கென்னவோ அந்தத் தடை இருப்பதே நல்லது என்று படுகிறது. ராத்திரி பாத்ரூம் விளக்கைப் போட்டதற்கெல்லாம் கடிகாரம் எகிறிக் குதித்தால் பிழைப்பு என்ன ஆவது?

அப்புறம், வந்த மறுநாளே காலை ஆறு மணிக்கு வெயிலில் நடந்தும் பலனில்லை என்று அலுத்துக்கொண்டாயே. இங்கே காலை ஆறு என்றால் நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு எட்டரை. உன் உடம்புக்கு அது அந்தி. இரவின் தொடக்கத்தில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இரவின் கடைசியில் படுவது முன்னுக்கு இழுக்கும். உடம்பின் நடுப்பகலில் பட்டால் பெரிதாக அசைக்காது, ஏனென்றால் வெளிச்சத்தின் செய்தி கிரெப்பை எட்டுவதற்கான கதவு கடிகாரத்தின் இரவில்தான் திறக்கும். இந்திய நேரத்துக்கு வர நீ முன்னுக்கு நகர வேண்டியவன். முதல் சில நாள் காலையில் வீட்டுக்குள் இருந்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வெளியே போயிருந்தால் தோதாக இருந்திருக்கும். எப்படியும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும், நீ கடக்க வேண்டியதோ ஒன்பதரை. இன்னும் சில நாள் பொறு.

பிரஷர் மாத்திரையை இப்போது எந்த நேரத்தில் போடுவது என்று உன் டாக்டரிடம் கேட்டுவிடு. தூக்க மாத்திரை மட்டும் நீயாக வாங்கிப் போடாதே. ஆடி கழிந்ததும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு இங்கே வா, நாலு நாள் தங்கலாம்.

அன்புடன்,
ராஜு