ஆனதோத் ஊர் வயல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்து இருவரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். நாங்கள் சுகம். சின்னவனுக்கு இங்கே சிங்கப்பூரில், தெங்காவில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு கிடைத்து, சாவியும் வாங்கிவிட்டான். பேத்தி தமிழ் ஆராதனைப் பாடல் குழுவில் சேர்ந்திருக்கிறாள்.

ஒத்தியில் இருக்கும் வயலைப் பற்றி நீ எழுதியதுதான் மனதை விட்டு அகலவில்லை. பெரியப்பா மகன் வந்து, நீயே பணம் கட்டி மீட்டுக்கொள் என்கிறான். உன் அப்பாவின் அடக்கத்தன்றே வாசலில் நின்று பங்குச் சண்டை போட்டவன் அவன். "எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, யாருக்காக அந்த வயலை மீட்பது?" என்று கேட்டிருக்கிறாய். தெம்பனிஸில் நாங்கள் கூடும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அப்போது வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 32ஆம் அதிகாரத்துக்கு வந்திருந்தோம். நீயும் நானும் ஞாயிறு பள்ளியில் அந்த அதிகாரத்தைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. தாவீது, தானியேல் என்று ஓடிவிட்டோம்.

கி.மு. 587 வாக்கில் நடந்தது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று சொன்னதற்காகவே எரேமியாவை யூதாவின் ராஜா சிதேக்கியா காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்கே உண்டு என்கிறான். எருசலேமுக்குப் பக்கத்து ஊர் அது. பகைவன் நாட்டையே கைப்பற்றிவிட்ட நேரத்தில் அந்த மண்ணுக்கு என்ன விலை இருக்கும்? எரேமியா பேரம் பேசவில்லை. 17 சேக்கல் வெள்ளி, ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரத்தில் கையெழுத்திட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரை போடுகிறார். பத்திரம் இரண்டு பிரதி: முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டையும் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்கிறார்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் அம்மா, தனியாக வாழ்கிறவர், பத்தாம் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்குப் பறிபோகிற நிலத்துக்கு இத்தனை சாட்சி எதற்கு?" உடனே யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கு அந்தச் சாட்சிகள்தான் விசுவாசமாகத் தெரிகிறார்கள். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை எரேமியா வாயால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் யாரோ இந்தப் பத்திரத்தை விரித்துப் பார்ப்பார்கள் என்று நம்பி, அதற்கு வேண்டியதைக் குறைவில்லாமல் செய்தார்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார். 16ஆம் அதிகாரத்தில், பெண் கொள்ள வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம் என்று கர்த்தர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். ஆக, அந்த வயலுக்கு வாரிசு இல்லை. 11ஆம் அதிகாரத்தில் அவர் உயிரை வாங்கத் தேடியவர்கள் யார்? இதே ஆனதோத் ஊரார். சொந்த ஊரே கொல்லப் பார்த்த மனிதர், அந்த ஊர் மண்ணைக் காசு கொடுத்து மீட்கிறார். நம் பிரசங்கிகள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

மீட்கும் உரிமை லேவியராகமம் 25இல் இருக்கிறது. சகோதரன் ஏழையாகி நிலத்தை விற்றால், நெருங்கிய உறவினன் வந்து மீட்க வேண்டும். யூபிலி என்னும் ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய உடைமைக்காரனுக்கே திரும்பிவிடும் என்பதால், எத்தனை அறுவடை மிச்சமிருக்கிறதோ அதற்கேற்பத்தான் விலை. எங்கள் 99 ஆண்டுக் குத்தகை வீடுகளுக்கு மிச்ச ஆண்டுகளைப் பார்த்து விலை பேசுவதைப் போலத்தான். தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்கிறார் கர்த்தர். உறவினனுக்கே அந்த உரிமை என்பதால்தான் நம் ஆண்டவரும் மாம்சமும் இரத்தமும் உடையவராகி நமக்குச் சகோதரரானார் என்று நான் படிக்கிறேன். ரோமர் 5இல் பவுல் சொல்கிறாரே, நாம் சத்துருக்களாய் இருக்கையிலேயே ஒப்புரவாக்கப்பட்டோம் என்று! ஆனதோத்தாருக்கும் நமக்கும் அப்படி என்ன வித்தியாசம், சொல்.

எரேமியாவுக்குத் திகைப்பே வரவில்லை என்று எண்ணாதே. பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த பிறகு ஜெபிக்கிறார். நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்கிறீர் என்று அந்த ஜெபம் முடிகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர் அந்த வயலில் குடியிருக்கவில்லை. எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆனால் எஸ்றா 2இல் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் கணக்கைப் பார்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். பெயர்ப் பட்டியல் என்று நான் வழக்கமாகத் தாண்டிப்போகும் அதிகாரம் அது. இந்த முறை அந்த வரியில் கண் கலங்கிவிட்டது.

உன் பெரியப்பா மகன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்காக என்று கேட்டாயே, அவனுடைய பெண்கள் இருவருக்காக இருக்கட்டுமே. அவர்கள் உன்னோடு சண்டை போடவில்லை. முடிந்தால் மீட்டுவிடு என்பதே என் எண்ணம். வாய்ப்பேச்சோடு விடாதே. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார், ஒத்திப் பத்திரத்தின் மூலத்தை வாங்கு, பதிவு அலுவலகத்தில் சாட்சிகளோடு முடி. பணம் குறைந்தால் கூச்சப்படாமல் எனக்கு எழுது. வீட்டு வேலைக்கென்று சின்னவனுக்கு எடுத்து வைத்ததில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவனிடமும் பேசிவிட்டேன்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உன் நண்பன்